காமாலை ஒரு நோயே இல்லைங்க: மருத்துவச் சொற்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஈரோட்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் அடிப்பதும்தான் சம்பளத்துக்கு உண்டான வேலை. அதற்கு மேல் தினமும் ஒரு வேலை வந்து சேரும். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினவர்கள் பாதியில் திரும்பி வந்து, "இதுல என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்பார்கள்.

போன மாதம் ஒரு அம்மா டாக்டர் எழுதிய சீட்டை என் முன்னால் நீட்டினார். பையன் படித்துப் பார்த்துச் சொல்லிவிட்டானாம். "ஏங் கண்ணு, எனக்கு டி.பி.ன்னு எழுதியிருக்குதாமா, மெய்யாலுமா?" கண் கலங்கியிருந்தது. சீட்டில் இருந்தது 'ஆர்/ஓ டி.பி.' என்பது. ஆர்/ஓ என்றால் 'ரூல் அவுட்'. டி.பி. இல்லை என்பதை டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பையன் முன்னால் இருந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த இரண்டு எழுத்தை மட்டும் படித்துவிட்டான். அந்த அம்மா ரெண்டு நாளாகச் சோறுண்ணவில்லை.

மருத்துவச் சொற்கள் கிரேக்கமும் லத்தீனுமாக இருப்பதால்தான் புரிவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் காரணம் வேறு. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில். உடம்புக்கு என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த இடம் கெட்டிருக்கிறது என்பது இன்னொன்று. ஏன் கெட்டது, எப்படிக் கெட்டது, இனி என்ன ஆகும் என்பவையெல்லாம் வேறு வேறு. நாம் எல்லாப் பதிலையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நோய்' என்று பேர் வைத்துவிடுகிறோம்.

போர் மோட்டாரிலிருந்து தொடங்குவோம்

நம்ம பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். காலையில் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரவில்லை. ஆளைக் கூப்பிட்டு, "மோட்டார் ஓடலீங்க" என்கிறோம். இது நம்முடைய புகார்.

வந்தவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார். ஆம்ப்ஸ் முள் எங்கேயோ போய் நிற்கிறது, கருகின வாடை அடிக்கிறது. இது அவர் கண்டது. மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகியிருக்கிறது. இது கெட்டுப்போன இடம். ஏன் கருகியது? மும்முனைக் கரண்டில் ஒரு முனை வராமல் மோட்டார் ஓடியிருக்கிறது. இது காரணம். ஒரு முனை வராவிட்டால் காயில் எப்படிக் கருகும்? மிச்சமிருக்கும் இரண்டு முனையும் அதே பாரத்தை இழுக்க வேண்டும். கரண்ட் கூடுகிறது, காயில் சூடாகிறது, கம்பிமேல் பூசிய வார்னிஷ் உருகுகிறது, கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொள்கின்றன. இது கெட்டுப்போன வழி. "காயில் கட்டிப் போட்டா இன்னும் அஞ்சு வருசம் ஓடுமுங்க" என்று அவர் சொன்னால், அது இனி என்ன ஆகும் என்பதற்கான பதில்.

மருத்துவத்திலும் இதே வரிசைதான். நீங்கள் உணர்ந்து சொல்வது உணர்குறி. ஆஸ்பத்திரியில் சிம்ப்டம் என்பார்கள். டாக்டர் பார்த்தோ தொட்டோ அளந்தோ கண்டுபிடிப்பது மெய்க்குறி, அதாவது சைன். உடம்பில் மாறிப்போன இடம் லீஷன். காரணம் ஈட்டியாலஜி. காரணத்திலிருந்து கேடு வரைக்கும் நடந்து வந்த வழி பேத்தோஜெனிசிஸ். இனி எப்படிப் போகும் என்ற கணிப்பு ப்ரோக்னோசிஸ். இவற்றையெல்லாம் வைத்து 'இன்னது' என்று பேர் சொல்வது டயக்னோசிஸ், நோயறிதல். கெட்ட இடத்தையும் கெட்ட வழியையும் படிக்கும் துறைதான் பேத்தாலஜி, நோயியல். கிரேக்கத்தில் 'பேத்தோஸ்' என்றால் துன்பம். தமிழிலும் நோய் என்ற சொல் 'நோதல்' என்பதிலிருந்துதான் வருகிறது. இரண்டு மொழியும் வலியிலிருந்துதான் பேர் எடுத்திருக்கின்றன.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'லீஷன்' என்று பார்த்ததுமே பலருக்கு வேர்த்துவிடுகிறது. வாய்ப்புண்ணும் லீஷன், முழங்கால் சிராய்ப்பும் லீஷன், புற்றும் லீஷன். அந்தச் சொல் இடத்தை மட்டும் காட்டுகிறது.

நீங்கள் சொல்வதும் டாக்டர் காண்பதும்

தமிழில் சிம்ப்டம், சைன் இரண்டையும் 'அறிகுறி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஒரு வித்தியாசம் நழுவிப் போகிறது. தலைவலி, குமட்டல், களைப்பு, அரிப்பு எல்லாம் உணர்குறி. நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டால் எந்த டாக்டருக்கும் தெரியாது. ரத்த அழுத்தம் 160/100, கண் மஞ்சள், விரல் வைத்து அழுத்தினால் காலில் குழி விழுவது எல்லாம் மெய்க்குறி. நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியும்.

உணர்குறி எதுவுமே இல்லாமல் மெய்க்குறி மட்டும் இருக்க முடியும். ரத்த அழுத்தம் பெரும்பாலும் அப்படித்தான். "எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே, எதுக்குங்க மாத்திரை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

காமாலையை எடுத்துக்கொள்வோம்

மஞ்சள் காமாலை ஒரு மெய்க்குறி. நோயின் பேர் அது இல்லை. இந்த ஒன்று விளங்கினால் மீதியெல்லாம் தானாக விளங்கும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் ரத்தத்தில் இருக்கும் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழும். பிறகு உடைகிறது. உடைந்த அணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் வருகிறது. கல்லீரல் அதை வாங்கி, தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு சேர்த்துப் பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்துக்கு நிறம் வருவது இதனால்தான். ரத்தத்தில் பிலிருபின் சாதாரணமாக டெசிலிட்டருக்கு சுமார் 1.2 மில்லிகிராமுக்குள் இருக்கும். அது ஏறத்தாழ 2.5, 3 என்று கூடும்போது கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகத் தெரியும்.

இப்போது வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தண்ணீர் தேங்கினது கண்ணுக்குத் தெரிகிறது. ஏன் தேங்கியது? வரத்து அளவுக்கு மீறி வந்திருக்கலாம். மதகு கெட்டிருக்கலாம். வடிகால் அடைத்திருக்கலாம்.

காமாலையும் இந்த மூன்றில் ஒன்றுதான். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தால் பிலிருபின் வரத்து கூடும். மலேரியாவில் இப்படி ஆகலாம். கல்லீரலே கெட்டால் மதகு வேலை செய்யாது. ஹெபடைட்டிஸ் வைரஸ், சாராயம், சில மாத்திரைகள் இதைச் செய்யும். பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தால் வடிகால் அடைப்பு. இதில் மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும், சிறுநீர் கருக்கும், உடம்பெல்லாம் அரிக்கும்.

நம்ம ஊரில் கண் மஞ்சளானால் முதலில் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்புறம் பேர் வாங்குவது யார்? கடைசியாக எதைக் குடித்தோமோ, அது. அடுத்த தெருவில் ஒருவருக்குப் பித்தக்குழாயில் கல் அடைத்துக் கண் மஞ்சளாகிறது. அவருக்கும் அதே கீழாநெல்லி. பதினைந்து நாள் வீணாகிறது. இரண்டு பேருக்கும் மெய்க்குறி ஒன்று, காரணம் வேறு. காமாலைக்கு மருந்து என்று ஒன்றைத் தேடுவது, 'தண்ணி தேங்கினதுக்கு மருந்து' என்று கேட்பது போலத்தான்.

காமாலைக்குக் கூடப்பிறந்ததுகள் நிறைய. காய்ச்சல் ஒரு மெய்க்குறி. ரத்த சோகையும் அப்படியே. ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்பது கண்டுபிடிப்பின் தொடக்கம். இரும்புச்சத்துக் குறைவா, குடல் புழுவா, வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் டானிக் மட்டும் வாங்கிக் குடிப்பது, கசியும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. வயதானவர்களுக்கு ரத்த சோகை என்றால் டாக்டர் எண்டோஸ்கோபி எழுதுவது இதனால்தான். "ரத்தம் கம்மின்னு போனா வயித்துக்குள்ள குழாய் உடறாங்களே" என்று கோபப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செய்தித்தாள்களில் வரும் 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மர்மம் என்று அங்கே ஒன்றும் இல்லை. மெய்க்குறி தெரிந்துவிட்டது, காரணம் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். டாக்டர்கள் இடியோபதிக் என்று எழுதினால், தேடிப் பார்த்தும் காரணம் அகப்படவில்லை என்று பொருள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உணர்குறி நீங்கள் சொல்வது, மெய்க்குறி டாக்டர் காண்பது, காரணம் இரண்டுக்கும் பின்னால் இருப்பது. ஒரே மெய்க்குறிக்குப் பல காரணம் இருக்கலாம்.

ஒரே நோயில் எல்லாவற்றையும் பார்க்க

சேலம், தருமபுரிப் பக்கம் சில ஊர்களில் சின்ன வயதிலிருந்தே போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். கறை மெய்க்குறி. பற்சிப்பியில் ஏற்பட்ட மாற்றம் லீஷன். காரணம், தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு. வழி: குழந்தைப் பருவத்தில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே பற்சிப்பி சரியாக இறுகாமல் போகிறது. பேர், ஃப்ளோரோசிஸ்.

வழி தெரிந்தால் ஒரு விஷயம் புரியும். நாற்பது வயதில் அந்த ஊருக்கு மருமகனாகப் போனவருக்குப் பல்லில் அந்தக் கறை வராது. அவர் பல் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. பல நாள் குடித்தால் எலும்பு பாதிக்கலாம், அது வேறு. பேத்தோஜெனிசிஸ் தெரிந்தால் இப்படித்தான், யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது பிடிபடும்.

டாக்டர் சீட்டில் இருக்கும் சின்ன எழுத்துகள்

ஆர்/ஓ பார்த்தாயிற்று. நோயின் பேருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தால் சந்தேகம் என்று பொருள். 'சி/ஓ' என்றால் நோயாளி சொல்லும் தொந்தரவு. 'ஹெச்/ஓ' முன்பு இருந்தது. 'கே/சி/ஓ' ஏற்கெனவே உறுதியானது. 'டி/டி' என்று போட்டு மூன்று நான்கு பேர் எழுதியிருந்தால், இவற்றில் ஏதோ ஒன்று என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடிக்கப்போகிறார் என்று அர்த்தம். நாலும் உங்களுக்கு இருப்பதாகப் பயப்பட வேண்டாம்.

'என்.ஏ.டி.' என்றால் கெடுதல் எதுவும் தென்படவில்லை. 'அன்ரிமார்க்கபிள்' என்றாலும் அதேதான். ரிப்போர்ட்டில் வரக்கூடிய நல்ல சொற்களில் ஒன்று. 'நெகட்டிவ்' என்றால் தேடியது கிடைக்கவில்லை. பரீட்சையில் நெகட்டிவ் என்றால் கெட்டது என்று பழகிய மனசுக்கு இது ஏற மாட்டேன் என்கிறது.

'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழல்

அப்பெண்டிசைட்டிஸ், டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். 'ஐட்டிஸ்' என்று முடிவதெல்லாம் அந்த உறுப்பில் அழற்சி என்று சொல்கிறது. குடல்வால், உள்நாக்குப் பக்கத்துச் சதை, இரைப்பை, மூட்டு என்று இடம் மட்டும் மாறுகிறது.

அழற்சி என்ற தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அழல் என்றால் நெருப்பு. லத்தீன் சொல்லும் தீ மூட்டுவது என்ற பொருளில்தான் வந்தது. சீமைக்கருவேல முள் காலில் ஏறினால் என்ன ஆகிறது? சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. முதலாம் நூற்றாண்டில் ரோம் நாட்டு செல்சஸ் எழுதி வைத்த நாலு அடையாளமும் இவைதான். முள் பட்ட இடத்து செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளிவிடுகின்றன. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்தம் கூடுதலாக வருவதால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவர் கசிவதால் வீக்கம். அந்தக் கசிவோடு வெள்ளையணுக்கள் வந்து வேலையைத் தொடங்குகின்றன. இவ்வளவும் உடம்பே செய்வது.

தொற்று என்பது வேறு. கிருமி உள்ளே புகுந்து பெருகினால் அது தொற்று. முள்ளோடு கிருமி போனால் தொற்றும் அழற்சியும் சேர்ந்து வரும். வரப்பில் கால் பிசகிக் கணுக்கால் வீங்கினால் அழற்சி மட்டும்தான். அங்கே ஒரு கிருமியும் இல்லை. ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை. கால் சுளுக்குக்கு அதை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மற்ற ஒட்டுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். 'ஈமியா' ரத்தத்தைப் பற்றியது. 'மெகாலி' பெருத்திருப்பது. 'எக்டமி' வெட்டி எடுப்பது. 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு. ஹைப்பர்கிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை அதிகம். இதை இனி நீங்களே பிரித்துக்கொள்ளலாம். ஹைப்பர்டென்ஷன் மட்டும் எல்லாரையும் ஏமாற்றுகிறது. அங்கே டென்ஷன் என்பது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். மனசு டென்ஷனே ஆகாத ஆளுக்கும் அது வரும்.

அக்யூட்டும் க்ரானிக்கும்

அக்யூட் என்றால் திடீரென்று வந்தது. க்ரானிக் என்றால் நாள்பட்டது. இரண்டுமே காலத்தைச் சொல்லும் சொற்கள். எவ்வளவு கடுமை என்பதற்கு 'சிவியர்', 'மைல்ட்' என்று தனிச் சொற்கள் உண்டு. சளி பிடிப்பது அக்யூட்தான், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும்.

ஒன்று இன்னொன்றாக மாறுவதற்கு எங்கள் பக்கத்துப் பஞ்சாலையிலேயே உதாரணம் இருக்கிறது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், கார்டிங் பகுதிகளில் பஞ்சுத் தூசி அதிகம். அங்கே பல காலம் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு பிசினோசிஸ் என்ற நோய் வரலாம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும், செவ்வாய் புதனில் குறைந்துவிடும். ஆரம்பத்தில் வேலையை விட்டு விலகினால் சரியாகிவிடும். வருசக்கணக்கில் தூசியிலேயே இருந்தால் இறுக்கம் எல்லா நாளும் நிற்கும், நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. திங்கட்கிழமை மட்டும் மூச்சு இளைக்கிறது என்று சொன்னால் வீட்டில் வேலைக்குப் போகச் சோம்பல் என்பார்கள். டாக்டருக்கு அந்தக் கிழமைதான் துப்பு.

'கட்டி' என்ற ஒற்றைச் சொல்

தமிழில் கட்டி என்றால் எல்லாம்தான். சீழ் கட்டினாலும் கட்டி, கொழுப்பு திரண்டாலும் கட்டி, புற்றும் கட்டி. மருத்துவத்தில் சீழ்க்கட்டி ஆப்செஸ், நீர்க்கட்டி சிஸ்ட், செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி உண்டானது டியூமர். 'ஓமா' என்று முடியும் பேர்கள் பெரும்பாலும் டியூமரைக் குறிக்கும். லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. கார்சினோமா புற்று. ஹீமடோமா என்பது ரத்தம் தேங்கிய வீக்கம் மட்டும், டியூமரே இல்லை. அதனால் வாலைப் பார்த்துப் பயப்படவும் முடியாது, நிம்மதியாகவும் முடியாது.

டியூமரில் இரண்டு வகை. வரப்பு ஓரத்தில் இருக்கும் ஒற்றைப் புதர் இருந்த இடத்திலேயே பெருக்கும். அடுத்த வயலுக்குப் போகாது. இது பினைன், தீங்கற்றது. கோரை அப்படி இல்லை. மேலே பிடுங்கினாலும் அடியில் கிழங்கு இருக்கும், மண்ணுக்குள்ளேயே பக்கத்துப் பயிருக்குள் ஓடும். பக்கத்துத் திசுவுக்குள் புகுவது மாலிக்னன்ட், புற்று. அங்கிருந்து ரத்தத்திலோ நிணநீரிலோ போய் வேறு உறுப்பில் வேர் விடுவது மெடாஸ்டாசிஸ். இதில் கிரேடும் ஸ்டேஜும் வேறு வேறு. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு தாறுமாறாகத் தெரிகின்றன என்பது கிரேடு. உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ்.

டப்பாவும் கடைசி வரியும்

எது என்று முடிவு சொல்ல பயாப்சி வேண்டும்: கொஞ்சம் சதையை எடுத்துப் பார்ப்பது. "கத்தி பட்டா பரவிடுமுங்க" என்ற பயம் எங்கள் ஊரில் ரொம்பப் பலமாக இருக்கிறது. அப்படி நடப்பது மிக மிக அரிது. எந்த வகைக் கட்டியில் எப்படி எடுக்க வேண்டும் என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். தள்ளிப்போட்ட ஆறு மாதத்தில் அது தானாகப் பரவுவதுதான் நான் அதிகம் பார்த்தது.

எடுத்த சதையைப் பெரும்பாலும் வீட்டு ஆள்தான் எங்களிடம் கொண்டுவருவார். மஞ்சப்பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதில் ஃபார்மலின், அடியில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு. பஸ்ஸில் மடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருப்பார். ஃபார்மலின் வாடை குப்பென்று வரும். அது இல்லாமல் வெறும் தண்ணீரில் போட்டால் சதை கெட்டுவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அந்தத் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவோம். பேத்தாலஜிஸ்ட் அதைப் பார்க்கிறார். ரிப்போர்ட்டுக்குச் சில நாள் ஆவது இதனால்தான்.

அந்த ரிப்போர்ட்டின் அடியில் அனேகமாக 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று ஒரு வரி இருக்கும். தப்பித்துக்கொள்ள எழுதுகிறார்கள் என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். பேத்தாலஜிஸ்ட் பார்த்தது கடலைப்பருப்பு அளவுத் துண்டு. ஆளைப் பார்த்தது உங்கள் டாக்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று அந்த வரி சொல்கிறது.

அந்தப் பெரியவருக்கு நான் மோட்டாரைத்தான் சொன்னேன். கருகின காயிலை மட்டும் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால், கடைக்காரர் காயில் போயிடுச்சு என்று சொல்லிவிடுவார். ஏன் போனது என்று கேட்டால் அவர் நம்மைத்தான் திருப்பிக் கேட்பார்: "போர் எத்தனை அடிங்க? கரண்ட் எப்படிங்க வருது?"